சீக்கிரம் மூடிய நாள்

பெரியம்மாவுக்குச் சொந்தப் பிள்ளை என்று யாரும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களும் இல்லை. வீட்டின் கீழ்த்தளத்து இரண்டு அறைகளில் அவள் நடத்தும் குழந்தைகள் காப்பகம் அப்படி. பால் புட்டியோடு வந்து சேர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு வாசலைத் தாண்டிப் போகும்போதும் "பெரியம்மா, டாட்டா" என்று கத்திவிட்டுத்தான் போகும்.

போன மழையில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு குழந்தையின் சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் நீந்தாத குறையாக வந்து நின்றார். "அம்மா வந்தால்தான் அனுப்புவேன், உங்களை எனக்குத் தெரியாது" என்று பெரியம்மா கதவைச் சாத்திவிட்டாள். அம்மாவால் மறுநாள் விடிந்த பிறகுதான் வர முடிந்தது. அதுவரைக்கும் அந்தக் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை பெரியம்மாவின் காதை விட்டுப் போகவே இல்லை.

அதனால்தான் போன வாரம் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு முடிவு செய்தார்கள். பெரியம்மா, அவள் புருஷன் வேன் மாமா, மாடியில் வந்து தங்கியிருக்கும் அவள் தங்கை. தங்கை வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். ஒரு மாதமாக அக்காவுக்குக் கூடமாட ஒத்தாசை. பிள்ளைகள் அவளுக்குச் சின்னம்மா என்று பெயர் வைத்துவிட்டன.

காலையிலேயே புயல் எச்சரிக்கை வந்தால் திறப்பதில்லை. பாதி நாளில் வந்தால் மதியச் சாப்பாட்டோடு மூடிவிடுவது. வேனில் வருகிற பிள்ளைகளை வேன் மாமா கொண்டுபோய் விடுவார். மற்ற பிள்ளைகளைக் கூட்டிப்போக அம்மாவால் வர முடியாவிட்டால், சொந்தக்காரர் யார் வந்தாலும் கொடுத்துவிடலாம். இந்தக் கடைசி யோசனை பெரியம்மாவுடையது.

"மழை நாளுக்குன்னு தனிச் சட்டமா?" என்றார் வேன் மாமா. "வெயில் நாள்ல கொடுக்கக் கூடாதவங்களுக்கு மழை நாள்ல மட்டும் எப்படிக் கொடுக்கலாம்?"

"குழந்தை ஓடிப்போய் ஒட்டிக்குதா இல்லையான்னு பார்த்தா தெரியாதா? வாசல்ல நான்தானே நிக்கப் போறேன்."

"நீ சொன்னா சரி. என் வேலை வண்டி ஓட்டுறது."

அவர் அப்படித்தான். வாதாடுவார், ஆனால் கடைசி வார்த்தையை அவளுக்கே விட்டுவிடுவார். அன்றைக்கு அவர் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம்.

•

அன்று காலையில் தூறல்தான். வானம் மட்டும் அழுக்குத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவள் பட்டாணி. தரையில் விட்டால் உருண்டு உருண்டே மூலைக்குப் போய்விடுவாள் என்பதால் அந்தப் பெயர். இப்போது மூன்று வயதைத் தாண்டிவிட்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடையை மடக்கக்கூட நேரமில்லாமல் வாசற்படியில் நின்றே பேசினாள்.

"இன்னைக்கு வார்டை விட்டு நகர முடியாது பெரியம்மா. பாதிப் பேர் லீவு. எவ்வளவு நேரமானாலும் இவளை நீங்களே வச்சுக்கங்க."

"இதைச் சொல்லணுமா? போயிட்டு வா."

நர்ஸ் நகரவில்லை. ஏதோ சொல்ல வந்தவள் போல உதட்டைக் கடித்தாள். பிறகு மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று பெரியம்மாவுக்குத் தெரியும். பட்டாணி கைக்குழந்தையாக இருந்தபோது நடுவில் சில மாதங்கள் வரவில்லை; திரும்பக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு நர்ஸ் தனியாக அழைத்துச் சொன்னாள்: "அவங்க அப்பா வந்து கேட்டா கொடுக்காதீங்க." அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று பெரியம்மா கேட்கவில்லை. அடுத்தவர் குடும்பத்து விஷயம் தன் வாயில் அரைபடக் கூடாது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. கட்டிய புருஷனிடம்கூட. ஒரு மாதத்துக்கு முன்னால் வந்த தங்கையிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேன் மாமா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "புயல் திரும்பிடுச்சாம். நேரா இங்கதான்."

"நேத்து வேற பக்கம் போகுதுன்னு சொன்னாங்களே?"

"அதுக்கு வழி தெரியல போல. நம்மகிட்ட கேட்டுட்டுப் போகலாம்னு வருது."

சிரிக்க நேரமில்லை. பெரியம்மா செல்போனை எடுத்து, பெற்றோர் எல்லாரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் பேசியே ஒரு செய்தி அனுப்பினாள். "எல்லாருக்கும் பெரியம்மா பேசுறேன். இன்னைக்குச் சீக்கிரம் மூடுறோம். முடிஞ்ச மட்டும் உடனே வந்து பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. அம்மா வர முடியலன்னா பரவாயில்ல. வீட்டு ஆளுங்க யார் வந்தாலும் கொடுக்கிறோம்."

எல்லாம் போட்ட திட்டப்படியே நடந்தது. வேன் பிள்ளைகள் சட்டை மாட்டி வரிசையாக ஏறிக்கொண்டார்கள். ஒரு தாத்தா வந்தார், ஒரு அத்தை வந்தாள், ஒரு மாமன் ஆட்டோவோடு வந்தார். பெரியம்மா வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து அனுப்பினாள். போன தடவை மாதிரி அழுகை இல்லை, கூச்சல் இல்லை. 'இதைத்தான் அப்பவே செய்திருக்கணும்' என்று மனசுக்குள் ஒரு சின்னப் பெருமை கூட எட்டிப் பார்த்தது.

பின் அறையிலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. "அக்கா! பாத்ரூம் ஓட்டை வழியா தண்ணி உள்ள வருது!"

தெருவில் முழங்கால்கூட நனையவில்லை. வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு ஏறியது. பிள்ளைகள் தூங்கும் மெத்தைகள் எல்லாம் தரையில்தான். சின்னம்மாவுக்கு முதுகு வலி, அவளால் மெத்தை தூக்க முடியாது.

"நீ வாசல்ல நில்லு. நான் இதையெல்லாம் மாடிக்கு ஏத்திட்டு வர்றேன்."

"யார் வந்தாலும் கொடுத்துடலாமா?"

"சொந்தக்காரங்கதானான்னு பார்த்துக் கொடு" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா இரண்டு மெத்தைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு படி ஏறினாள்.

•

மெத்தை, விரிப்பு, விளையாட்டுச் சாமான் கூடை, அரிசி மூட்டை. மாடிக்கும் கீழுக்குமாக நடந்து கால் ஓய்ந்துபோனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டுவிட்டது. எதிர் வீடு தெரியாத மழை.

கடைசி நடை முடிந்து இறங்கி வந்தபோது வாசல் காலியாக இருந்தது. சின்னம்மா ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் போயாச்சாடி?"

"எல்லாரும் போயாச்சுக்கா."

"பட்டாணி எங்க? தூங்குறாளா?"

"அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

சின்னம்மா அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மேலும் சொன்னாள். "பார்த்ததும் அப்பான்னு கத்திட்டு ஓடினாக்கா. அவர் அவளுக்குப் புதுசா ஒரு ரெயின்கோட் வாங்கிட்டு வந்திருந்தார், பாவம். சின்னதாப் போச்சு. கை முழங்கை வரைக்கும்தான் வருது. 'இவ்வளவு வளர்ந்துட்டாளா'ன்னு கேட்டு அப்படியே நின்னுட்டார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அவர்..."

அக்காவின் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்தினாள்.

பெரியம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா? நீதானே யார் வந்தாலும் கொடுக்கச் சொன்ன?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்பாதானே? அப்பாவை விட யாரு சொந்தம்?"

பெரியம்மா சொன்னாள். நர்ஸ் அன்றைக்குத் தனியாக அழைத்துச் சொன்ன அந்த ஒற்றை வரியைச் சொன்னாள். சின்னம்மாவின் கையிலிருந்த துடைப்பான் தண்ணீரில் விழுந்தது.

"இதை ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

"எதுல வந்தார்? எந்தப் பக்கம் போனார்?"

"பைக்ல. குழந்தையை முன்னாடி உட்கார வச்சுக்கிட்டு... பெரிய ரோட்டுப் பக்கம்னு நினைக்கிறேன். மழையில சரியாத் தெரியலக்கா."

பெரியம்மா செல்போனை எடுத்தாள். எந்த நம்பரைத் தேடுவது என்று யோசிக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. குழந்தையைச் சேர்க்கிற அன்றைக்கே அம்மா நம்பர், அப்பா நம்பர் இரண்டையும் குரூப்பில் சேர்த்துவிடுவது அவள் வழக்கம். பட்டாணியின் அப்பா இன்னும் அந்தக் குரூப்பில்தான் இருந்தார். மூடுகிறோம், யார் வந்தாலும் கொடுக்கிறோம் என்று அவள் குரலிலேயே அவருக்குத் தகவல் போயிருந்தது.

அவள் கூப்பிட்டுத்தான் அவர் வந்திருக்கிறார்.

•

வேன் மாமா சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். போட்டிருந்த சட்டையை மாற்றாமல் திரும்ப வெளியே போனார்.

பெரியம்மா பட்டாணி அப்பாவின் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை மணி அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த தடவை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. பிறகு சிக்னலே போய்விட்டது. சிக்னல் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு மட்டும் தனியாகப் பேசி அனுப்பினாள். "தம்பி, பெரியம்மா பேசுறேன். உங்க மேல குறை சொல்லல. குழந்தை பத்திரமா இருக்கான்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க. அவங்க அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்."

ஒரு டிக். ரொம்ப நேரம் ஒரே டிக். பிறகு இரண்டு. அப்புறம் இரண்டும் நீலமாயின. கேட்டுவிட்டார். பதில் வரவில்லை.

வேன் மாமா திரும்பி வந்தபோது அவர் செருப்பில் ஒன்று இல்லை. "சுரங்கப்பாதை மூடிட்டாங்க. அந்தப் பக்கம் போக வழியே இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல ஒருத்தர்தான் இருக்கார். எல்லாரும் ஆளுங்களைப் படகுல ஏத்தப் போயிருக்காங்க. 'யாரு கூட்டிட்டுப் போனது'ன்னு கேட்டார். அப்பான்னேன். 'அப்பா தன் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனதுக்கு இந்த மழையில ஓடி வந்தீங்களா'ன்னு கேட்கிறார். நான் என்ன சொல்ல?"

"அம்மா கொடுக்க வேணாம்னு சொன்னாங்கன்னு..."

"சொன்னேன். ஏன்னு கேட்டார். ஏன்னு எனக்குத் தெரியுமா? உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்த மனுஷன் நல்லவனா, பொல்லாதவனா என்றுகூடத் தெரியாது. குழந்தைக்காக ரெயின்கோட் வாங்கி வருகிற ஆள் என்பது மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை, பதறி ஓடவும் முடியவில்லை. ஓடினாலும் எங்கே ஓடுவது?

சின்னம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தண்ணீரில் மிதந்து வந்த ஒரு பிளாஸ்டிக் வாத்தைப் பிடித்து மேஜையில் வைத்தாள். அது விழுந்தது, மறுபடி எடுத்து வைத்தாள்.

"மாமா, நான் போய் நர்ஸ்கிட்ட நேர்ல சொல்லிடட்டுமா? என் கையாலதானே கொடுத்தேன்."

"எப்படிப் போவம்மா? பறந்தா?"

அப்போதுதான் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

"பெரியம்மா, என் போன் லாக்கர்ல இருக்கு. வார்டு போன்ல பேசுறேன். பட்டாணி சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா" என்றாள் பெரியம்மா. அது பொய் இல்லை. மதியம் சாப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தையோடு வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நர்ஸின் பின்னால் யாரோ வலியில் முனகும் சத்தம் கேட்டது.

"அவ... அம்மாடி, நான் ஒண்ணு சொல்றேன், பதறாதே. அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டார். நான் வாசல்ல இல்ல. என் தப்புதான்."

லைன் துண்டாகிவிட்டதோ என்று பெரியம்மா "அம்மாடி, அம்மாடி" என்றாள்.

"எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டாள் நர்ஸ். கத்தவில்லை. ஜுரம் எவ்வளவு என்று நோயாளியைக் கேட்கிற குரல்.

"மதியத்துக்கு மேல."

போன் வைக்கப்பட்டது.

•

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் வந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு தண்ணி லாரியில் தெருமுனை வரைக்கும் ஏறி வந்து, மிச்சத் தூரம் தண்ணீரில் நடந்திருக்கிறாள். வெள்ளை உடுப்பு மார்பு வரைக்கும் சேறு. வாசலில் நின்று முதலில் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒருவேளை திரும்பி வந்திருப்பாளோ என்று. இல்லை என்று தெரிந்ததும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றாள்.

சின்னம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் கொடுத்தேன். எனக்குத் தெரியாதுங்க. அப்பான்னு கத்திட்டு ஓடினா..."

"ஓடுவா" என்றாள் நர்ஸ். "போன வருஷம் வரைக்கும் என் கண் முன்னாடி வந்து கொஞ்சிட்டுப் போவார். அவர்னா அவளுக்கு உசுரு."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அவர் அடிக்கிற ஆள் இல்ல. குடிக்க மாட்டார். அடிச்சிருந்தா நானும் நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பேன், நாலு பேரும் நம்பியிருப்பாங்க." கையிலிருந்த சேற்றை உடுப்பிலேயே துடைத்துக்கொண்டாள். "கூட்டிட்டுப் போனா திருப்பிக் கொண்டுவர மாட்டார். அவ்வளவுதான். இவ கைக்குழந்தையா இருந்தப்ப ரெண்டு நாள்னு சொல்லி அவங்க அக்கா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனார். இப்ப அந்த அக்காவும் அங்க இல்ல. நான் திரும்ப என் கையில வாங்குறப்போ இவ நடந்துட்டிருந்தா. முதல் அடி வச்சதை நான் பார்க்கல பெரியம்மா."

வேன் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியம்மா துண்டை எடுத்து நீட்டினாள். நர்ஸ் வாங்கிக்கொண்டாள், துடைக்கவில்லை.

திட்டியிருக்கலாம். உங்களை நம்பித்தானே விட்டேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்காகவே பெரியம்மா காத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கேட்கவில்லை. கேட்பதற்குத் தெம்பு இல்லையா, கேட்டு என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டாளா, தெரியவில்லை.

பெரியம்மாவின் போன் அடித்தது. பட்டாணி அப்பாவின் நம்பர்.

எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மழைச் சத்தம்தான் முதலில் கேட்டது; வேறு எங்கேயோ தகரக் கூரை மேல் விழுகிற மழை.

"பெரியம்மா, நீங்க பதறுறீங்கன்னுதான் போன் பண்றேன். பாப்பா நல்லா இருக்கா. சாப்பிட்டா. இப்பத்தான் தூங்கினா."

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"பாப்பா கால் நனைஞ்சுதா?" என்று கேட்டாள் நர்ஸ். இத்தனை கேள்வி இருக்க, அவள் வாயில் வந்தது அதுதான்.

அவள் குரலை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். "இல்ல. நனையாமத்தான் கொண்டுவந்தேன்."

"நாளைக்குக் கொண்டுவந்து விட்டுடுவீங்கல்ல?"

"மழை நிக்கட்டும்" என்றார். "பேசலாம்."

"பேச என்ன இருக்கு? நாளைக்குக் கொண்டுவந்து..."

"எவ்வளவு வளர்ந்துட்டா" என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல். போன் நின்றுவிட்டது. திரும்ப அடித்தபோது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பின் அறையில் தண்ணீர் ஓட்டை வழியாகக் களகளவென்று இறங்க ஆரம்பித்திருந்தது. வெளியே எதிர் வீட்டு விளக்கு தெரிந்தது. மழை விடப் போகிறது. காலையிலிருந்து எது நிற்க வேண்டும் என்று தவித்தார்களோ, அது நிற்கப் போகிறது. அப்புறம் அவர் சொல்ல என்ன சாக்கு இருக்கும், அல்லது எவ்வளவு தூரம் போக வழி திறந்திருக்கும்? பெரியம்மாவுக்கு இரண்டையும் நினைக்கத் தைரியம் இல்லை.

குரூப்பில் ஒவ்வொன்றாகச் செய்தி விழத் தொடங்கியது. சிக்னல் முழுசாக வந்துவிட்டது போல. 'நாளைக்கு உண்டா பெரியம்மா?' 'எனக்கு டியூட்டி இருக்கு, திறப்பீங்களா?' 'வேன் வருமா?'

"என்ன சொல்லப் போற?" என்று கேட்டார் வேன் மாமா.

பெரியம்மா அறையைப் பார்த்தாள். சாக்கடை நாற்றம், கணுக்கால் அளவு சேறு, சுவரில் ஈரம் ஏறிய கோடு. "எப்படித் திறக்கிறது? ஒரு வாரம் ஆகும். மூடியிருக்கும்னு..."

"திறந்திருக்கும்னு போடுங்க" என்றாள் நர்ஸ்.

"அம்மாடி, இந்த நிலைமையில..."

"போடுங்க பெரியம்மா. அவர் பார்ப்பார்." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "மூடியிருந்துச்சு, அதான் கொண்டுவரலன்னு அவர் சொல்லக் கூடாது. எனக்கு வேற எதுவும் தோணல. போடுங்க."

சின்னம்மா விளக்குமாற்றை எடுத்துப் பின் அறைக்குப் போனாள். அவள் பின்னாலேயே வேன் மாமா வாளியோடு போனார்.

பெரியம்மா இந்தத் தடவை பேசவில்லை, எழுதினாள். 'நாளைக்கு வழக்கம் போலத் திறந்திருக்கும்.' அனுப்பிவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நர்ஸின் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு பெயராக ஏறியது. ஒரு அப்பா பார்த்துவிட்டார். ஒரு அம்மா பார்த்துவிட்டாள். நன்றி என்று இரண்டு பேர் கும்பிட்ட கை போட்டார்கள்.

கடைசியாக அவர் பெயரும் ஏறியது.

பெரியம்மா குரூப்புக்கே திரும்பினாள். நர்ஸ் குனிந்து திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதுவதாகக் காட்டியது.

பிறகு, 'இவர் குரூப்பை விட்டு விலகினார்' என்ற வரி மட்டும் வந்தது.